ஜீப் வராத மாதத்திலும் நடக்க வேண்டும்: ஊரளவில் குழந்தை நலப் பணி தொடங்குவோருக்கு

பல ஊர்களில் குழந்தை நலத் திட்டம் மூன்றாம் ஆண்டு முடிவில் படுத்துவிடுகிறது. நிதி கொடுத்தவரின் ஒப்பந்தம் முடியும், ஜீப் நிற்கும், தராசு யாரோ ஒருவர் வீட்டுப் பரணுக்கு ஏறும். ஐந்தாறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால், அப்படி ஒன்று நடந்த சுவடே இருக்காது. கடைசி ஆண்டில் உட்கார்ந்து ஒப்படைப்பு அறிக்கை எழுதி இதைத் தடுக்க முடியாது. யாரை வேலைக்கு எடுத்தோம், எத்தனை ரெஜிஸ்டர் வைத்தோம், மருந்து எங்கிருந்து வந்தது என்று முதல் சில வாரங்களில் எடுக்கும் முடிவுகளில்தான் திட்டத்தின் ஆயுள் இருக்கிறது.

தொண்டு நிறுவனத்திலோ மகளிர் குழுக் கூட்டமைப்பிலோ புதிதாக இந்த வேலைக்கு வந்தவர்களுக்காக இது எழுதப்படுகிறது. கணக்குகள் 1,500 பேர் வாழும் ஒரு தமிழ்நாட்டுச் சிற்றூரை வைத்துப் போடப்பட்டவை. இலங்கை வாசகர்கள் கிராம சுகாதார செவிலியர் என்று வரும் இடத்தில் குடும்பநல உத்தியோகத்தர் என்றும், சத்துமாவு என்று வரும் இடத்தில் திரிபோஷா என்றும் வைத்துக்கொள்ளலாம். வேலை ஒன்றுதான்.

படி 1: இருப்பதைப் பாருங்கள், இணையாக ஒன்று கட்டாதீர்கள்

எந்த ஊரிலும் நீங்கள் முதல் ஆள் இல்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கியது; அதன் அங்கன்வாடி இன்று அநேகமாக எல்லா ஊரிலும் உண்டு. சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசுக் கணக்கு. அங்கே கிராம சுகாதார செவிலியர் இருப்பார். மகளிர் சுய உதவிக் குழுக்களும் ஊராட்சி அளவில் அவற்றின் கூட்டமைப்பும் இருக்கும். கிராம சுகாதாரக் குழு ஒன்று குறைந்தது காகிதத்திலாவது இருக்கும்.

முதல் இரண்டு வாரம் எதையும் தொடங்காமல் இவர்களோடு போய் உட்காருங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த வேலை கைக்கு எட்டாமல் விட்டுப்போகிறது? அங்கன்வாடிப் பணியாளர் எடை போடுவார். எடை ஏறாத பிள்ளையின் வீட்டுக்குப் போக அவருக்கு நேரம் இருக்காது. செவிலியர் தடுப்பூசி நாளைத் தவறவிட மாட்டார்; நாலைந்து ஊரைப் பார்ப்பவரால் பிறந்த பிள்ளையை ஏழாம் நாள் வீட்டில் போய்ப் பார்க்க முடியாமல் போகும். அந்த இடைவெளிதான் உங்கள் இடம்.

செய்யக்கூடாத தவறு இரண்டு. அங்கன்வாடிப் பணியாளரைவிடக் கூடுதல் சம்பளத்தில் ஊரில் தனியாக ஆள் வைப்பது ஒன்று. அன்றிலிருந்து அவர் உங்கள் எதிர்க்கட்சி. பணம் நின்றதும் நீங்கள் வைத்த ஆளும் போய்விடுவார், இவரும் திரும்பி வரமாட்டார். அவர் ஏற்கெனவே எழுதும் அதே தகவலுக்கு இன்னொரு ரெஜிஸ்டர் கொடுப்பது இரண்டாவது. எடை, உயரம் எல்லாம் அவர் செல்போனில் போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் பதிவாகிறது. நீங்களும் ஒரு நோட்டு நீட்டினால் ஏதாவது ஒன்றில் பொய் எழுதுவதைத் தவிர அவருக்கு வழியில்லை.

படி 2: பிள்ளைகளை எண்ணுங்கள்

இரண்டு பேர் தெருத் தெருவாகப் போனால் இரண்டு நாளில் முடியும். 5 வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தாய் பெயர், தெரு, பிறப்பு எடை, கர்ப்பிணி இருந்தால் எதிர்பார்க்கும் தேதி. இதற்கு மேல் ஒரு கட்டம்கூட வேண்டாம். பிறந்த தேதியை வாயால் கேட்டு எழுதாதீர்கள். தாய் சேய் நல அட்டையைப் பார்த்து எழுதுங்கள். இரண்டு மாதம் பிசகினாலும் வயதுக்கேற்ற எடையைக் காட்டும் வளர்ச்சி அட்டையில் பிள்ளை வேறு நிறப் பட்டைக்குப் போய்விடும்.

பட்டியல் சரியா என்று பார்க்க ஒரு குறுக்குக் கணக்கு உண்டு. 1,500 பேர் ஊரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 பிரசவம் எதிர்பார்க்கலாம். அப்படியானால் 3 வயதுக்குள் 60, 5 வயதுக்குள் 100 பிள்ளைகள். உங்கள் பட்டியலில் 70 பேர்தான் என்றால் ஊரில் பிறப்பு குறைந்திருக்கலாம், அல்லது ஒரு பகுதியே விட்டுப்போயிருக்கலாம். இரண்டாவதுதான் வழக்கம்.

விட்டுப்போகும் இடங்கள் எப்போதும் ஒன்றே. ஏரிக்கரைக் குடிசைகள், ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும் காலனி, செங்கல் சூளை, கரும்பு வெட்ட வந்து தங்கியவர்கள். இவற்றைவிட நுட்பமான ஓட்டை தலைப்பிரசவம். பெண் தாய் வீட்டுக்குப் போய்ப் பெற்று மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குத் திரும்புவாள். தாய் வீட்டு ஊரில் "நம்ம ஊர்ப் பிள்ளை இல்லை" என்று எழுதமாட்டார்கள். புகுந்த ஊரில் "இன்னும் வரவில்லை" என்று எழுதமாட்டார்கள். ஒரு குழந்தைக்கு மிக ஆபத்தான முதல் 28 நாளும் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் கழிந்துவிடும். விதி இதுதான்: பிள்ளை இன்று எந்த வீட்டில் தூங்குகிறதோ அந்த ஊர்ப் பட்டியலில் இருக்க வேண்டும். கிளம்பிப் போகும்போது போகும் ஊரின் அங்கன்வாடிக்கு ஒரு போன் போதும்.

படி 3: மூன்று வேலை, நான்காவது வேண்டாம்

புதியவர்கள் கழிப்பறை, மாடித்தோட்டம், இளம்பெண்கள் குழு, மாலை வகுப்பு என்று எல்லாவற்றையும் ஒரே தன்னார்வலர் தலையில் ஏற்றுவார்கள். ஆறு மாதத்தில் எதுவும் நடக்காது. மூன்று போதும்: 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மாதம் ஒருமுறை எடையும் அதன் தொடர்ச்சியும், பிறந்த குழந்தை வீட்டுச் சந்திப்பு, பேதியும் சளியும் வந்தால் முதல் நாளில் செய்ய வேண்டியது. தடுப்பூசியைச் செவிலியர் பார்த்துக்கொள்வார். வராதவரைக் கூட்டி வருவது மட்டும் உங்கள் பங்கு.

படி 4: எடை நாள்

இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. ஒரு வயது தாண்டிய பிள்ளை மாதத்துக்குச் சுமார் 200 கிராம்தான் ஏறும். தொங்கு தராசில் ஒரு கோடு 100 கிராம். நீங்கள் ஒரு கோடு தவறாகப் படித்தால் பாதி மாத வளர்ச்சியை விழுங்கிவிட்டீர்கள்.

காலை பத்து மணிக்கு முன் தொடங்குங்கள். தராசைக் கண்மட்டத்தில் வருமாறு உத்தரத்திலோ கிளையிலோ மாட்டுங்கள். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் முள் வேறு இடத்தில் தெரியும். காலித் தொட்டில் துணியை மாட்டிய பிறகு முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். துணி இல்லாமல் சுழியம் வைத்துவிட்டுப் பிறகு துணியை மாட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. அன்று ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் 200, 300 கிராம் கூடியிருக்கும், எல்லோருக்கும் சந்தோஷம், அடுத்த மாதம் எல்லோருக்கும் குறைந்திருக்கும். பிறகு மளிகைக் கடையிலிருந்து முத்திரை போட்ட 5 கிலோ எடைக்கல்லை வாங்கி மாட்டிப் பாருங்கள். சரியாக 5 காட்டாவிட்டால் அன்று எடை போடாதீர்கள்.

பிள்ளையின் சட்டை, ஈர ஜட்டி, கொலுசு, தண்டை கழற்ற வேண்டும். அரைஞாண் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். வெள்ளி அரைஞாண் என்றால் மட்டும் அட்டையில் குறித்து ஒவ்வொரு மாதமும் அதோடே எடை போடுங்கள். முள் ஆடி நின்ற பிறகு ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். போன மாத எடையை எழுதுபவர் அதுவரை பார்க்கக்கூடாது. பார்த்தால் கை தானாக அதைவிடக் கொஞ்சம் கூட்டி எழுதும்.

6 மாதம் முதல் 5 வயது வரை இடது மேல் கையின் நடுவில் சுற்றளவு நாடா. கை தளர்ந்து தொங்க வேண்டும், நாடா சதையைக் கவ்வக்கூடாது, தொளதொளவென்றும் இருக்கக்கூடாது. 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் தீவிர ஊட்டக் குறை, அன்றே செவிலியரிடம். 11.5 முதல் 12.5க்குள் என்றால் இரு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டு பாதத்தின் மேலும் கட்டை விரலால் மூன்று நொடி அழுத்துங்கள். குழி விழுந்து நின்றால் எடையும் நாடாவும் என்ன சொன்னாலும் சரி, மருத்துவமனைதான். வீங்கிய பிள்ளை கொழுகொழுவென்று இருப்பதாக ஊரே சொல்லும்.

எடை போடும் இடம் எந்தத் தெருவில் என்பது சின்ன விஷயம் இல்லை. காலனியிலிருந்து யாரும் வரவில்லை என்றால் "விழிப்புணர்வு போதாது" என்று அறிக்கை எழுதாதீர்கள். தராசைத் தூக்கிக்கொண்டு அங்கே போங்கள். ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் அங்கே என்று முதல் மாதமே வழக்கமாக்கிவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை.

படி 5: எடை போட்ட பிறகு

எடை போடுவதால் எந்தப் பிள்ளைக்கும் எடை ஏறுவதில்லை. தாயிடம் அட்டையைக் காட்டிக் கோடு மேலே போகிறதா, படுத்திருக்கிறதா, இறங்குகிறதா என்று அங்கேயே சொல்லாவிட்டால் அந்தக் காலை முழுவதும் வீண்.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். கூடுதல் உணவு எல்லோருக்கும் இல்லை. எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும், 90 நாள். 500 கிராம் ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். அதனால் தாய்க்கு எடைதான் கண்ணில் பட்டது, உணவு மருந்து போலப் பார்க்கப்பட்டது. 1997இல் உலக வங்கிக் கட்டம் முடிந்தபோது அந்த அமைப்பு மறையவில்லை, அங்கன்வாடிக்குள் கலந்தது. ஆனால் மூன்று வயதுக்குள் இருப்பவர்கள்மேல் இருந்த அந்தக் கூர்மையான கவனம் கொஞ்சம் மழுங்கிவிட்டது என்பது எங்கள் கருத்து. மையத்துக்கு நடந்து வரும் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் கண்முன் இருப்பார்கள், தொட்டிலில் கிடப்பவர்கள் இருக்கமாட்டார்கள்.

இரண்டு மாதம் எடை ஏறாத பிள்ளையின் வீட்டுக்கு அந்த வாரமே போங்கள், அடுப்படியில் உட்காரும் நேரமாகப் பார்த்து. "என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் "எல்லாம் கொடுக்கிறோம்" என்பார்கள். "நேற்றுக் காலையிலிருந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் தெரியவருவது இவைதாம்: கஞ்சி தண்ணியாக இருக்கிறது, பருப்பில் தெளிந்த நீரை மட்டும் பிசைகிறார்கள், தாய் வேலைக்குப் போன பிறகு பாட்டி பிஸ்கட்டோடு சமாளிக்கிறார், சளி பிடிக்கும் என்று வாழைப்பழமும் தயிரும் தள்ளிவைக்கப்பட்டிருக்கின்றன, வீட்டுக்கு வந்த சத்துமாவை எல்லோருமாகக் கொழுக்கட்டை பிடித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆட்டுத் தொட்டிக்குப் போவதும் உண்டு.

ஒரு சந்திப்பில் ஒரே ஒரு மாற்றம் கேளுங்கள். முதலில் கெட்டித்தன்மை: கரண்டியைச் சாய்த்தால் ஒழுகக்கூடாது, மெல்லச் சரிய வேண்டும். அடுத்து ஒவ்வொரு வேளைக்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ. பிறகு அளவு. 250 மி.லி. கிண்ணத்தை வைத்துக் காட்டினால் புரியும்: 6 முதல் 8 மாதத்துக்கு இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி அரைக் கிண்ணம் வரை, நாளைக்கு 2 அல்லது 3 வேளை, 9 முதல் 11 மாதத்துக்கு அரைக் கிண்ணம் 3 அல்லது 4 வேளை, ஒரு வயதுக்கு மேல் முக்கால் முதல் முழுக் கிண்ணம் 3 அல்லது 4 வேளை, இடையில் ஒன்றிரண்டு தீனி. தாய்ப்பால் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம். பேச்சைப் பாட்டியோடு வைத்துக்கொள்ளுங்கள். பகலில் ஊட்டுகிற கை அவருடையது.

படி 6: பிறந்த குழந்தை வீடு

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் மருத்துவத் தம்பதியினர் 39 ஊர்களில் அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு தேடிப் போக வைத்தார்கள். மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999இல் முடிவு வெளியானது. இன்று நாடு முழுவதும் ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் செய்யும் வீட்டுச் சந்திப்புக்கு அடிப்படை அதுதான். தமிழ்நாட்டில் ஆஷாக்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில்தான் இருக்கிறார்கள். மற்ற இடங்களில் இந்த வேலை செவிலியர் தலையில் விழுகிறது. உங்கள் தன்னார்வலர் அவருக்குக் கண்ணாக இருக்கலாம்.

மருத்துவமனைப் பிரசவத்துக்கு 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் சந்திப்பு. எல்லாவற்றையும் தொட முடியாவிட்டால் 3, 7 இரண்டையும் விடாதீர்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள். பார்க்க வேண்டியது: பால் இழுத்துக் குடிக்கிறதா, பாதம் சில்லென்று இருக்கிறதா, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளா, தொப்புளில் சீழா, ஒரு நிமிடத்துக்கு மூச்சு 60 அல்லது அதற்கு மேலா, வலிப்பு வந்ததா. இதில் ஒன்று இருந்தாலும் 108 ஆம்புலன்ஸ். எடை 2.5 கிலோவுக்குக் கீழ் என்றால் கூடுதல் சந்திப்பும், தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்கும் முறையும் வேண்டும், 1.8 கிலோவுக்குக் கீழ் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைப்பது, தொப்புளில் எதையாவது பூசுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊதுவது, குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகையில் காட்டுவது என்று வழக்கங்கள் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எதிர்த்தால் மறுமுறை வீட்டுக்குள் விடமாட்டார்கள். வசம்பு வளையம் கையில் கிடந்தால் கிடக்கட்டும், வாய்க்குள் போகாத வரை. வாய்க்குள்ளும் தொப்புளிலும் எதுவும் போகக்கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்.

படி 7: பேதியும் சளியும்

பேதிக்கு ஓஆர்எஸ் எனப்படும் உப்பு சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பொட்டலம், 20.5 கிராம். நடக்கும் ஆபத்தான தவறு இது: கடையில் 200 மி.லி.க்கான சின்னப் பொட்டலமும் கிடைக்கிறது, அரசு கொடுப்பது ஒரு லிட்டருக்கானது. சின்னதைப் பழகிய வீட்டில் பெரியதையும் ஒரு டம்ளரில் கரைத்துவிடுகிறார்கள். அது கடலுப்புத் தண்ணீர் மாதிரி, பிள்ளைக்குக் கேடு. எல்லா வீட்டிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருக்கும், அதையே அளவாகக் காட்டுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு முறை போன பிறகும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., மேலே 100 முதல் 200 மி.லி.; கரண்டியால், மெல்ல. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி. கூடவே ஜிங்க் மாத்திரை 14 நாள்: 2 முதல் 6 மாதத்துக்கு 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி. பேதி மூன்றாம் நாள் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள், ஆகவே ஐந்தாம் நாள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அட்டைப் பெட்டியில் வரும் பழச்சுவைப் பானம் இதற்கு மாற்று ஆகாது.

எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதற்கு வங்கதேசத்தின் பிராக் அமைப்பைப் பாருங்கள். 1980 முதல் 1990 வரை 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய், மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று அம்மாக்களையே கலக்க வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொடுத்தவருக்கு ஊதியம் எத்தனை வீடு போனார் என்பதற்கு இல்லை. சில வாரம் கழித்து வேறொருவர் வந்து சில தாய்மாரைச் சோதிக்கும்போது அவர்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்பதற்கு. ஊதியம் கொடுக்காத ஊரிலும் இந்தச் சோதனை செல்லும்.

சளிக்குக் கடிகாரம் போதும். பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 12 மாதம் வரை 50, ஒரு வயது முதல் 5 வரை 40. இந்த எண்ணோ அதற்கு மேலோ என்றால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையம். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதி உள்ளே போனாலோ, குடிக்க முடியாவிட்டாலோ, எழுப்பினாலும் எழாவிட்டாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், 108தான்.

படி 8: தன்னார்வலர்

மொசாம்பிக்கில் 1995இல் தொடங்கிய பராமரிப்புக் குழு முறை இதற்கு நல்ல அளவுகோல். ஒரு பெண்ணுக்கு 10 முதல் 15 வீடு. அப்படிப்பட்ட 10 முதல் 15 பெண்கள் ஒரு குழு. இரு வாரத்துக்கு ஒருமுறை கூடி ஒரே ஒரு பாடம் கற்று, அதைத் தத்தம் வீடுகளில் சொல்வார்கள். வேலை வாரத்துக்குச் சில மணி நேரம்தான், எல்லாம் நடை தூரம், பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் சொல்வது போல. உங்கள் 1,500 பேர் ஊரில் 3 வயதுக்குள் பிள்ளையோ கர்ப்பிணியோ இருக்கும் வீடு சுமார் 75. ஆறேழு பெண்கள் போதும், ஒவ்வொரு தெருவிலிருந்தும். தேர்வை அந்தத் தெருத் தாய்மாரே செய்யட்டும். தலைவர் வீட்டு மருமகள் படித்தவர்தான், ஆனால் அவரால் எல்லா வீட்டுத் திண்ணையிலும் உட்கார முடியாது.

பணம்? எங்கள் நிலை கொஞ்சம் கடுமை. ஒன்று, வேலையை மிகச் சிறிதாக வைத்துப் பணமே கொடுக்காதீர்கள். அல்லது, கூட்டமைப்பு போல நிலைத்திருக்கும் அமைப்பின் வழியாக நியாயமான தொகை கொடுங்கள். மூன்று ஆண்டு மட்டும் கைச்செலவுக்கு என்று ஒரு தொகை கொடுத்து நிறுத்துவதுதான் மிக மோசம். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் இலவசமாகவும் செய்யமாட்டார்கள். வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை வாங்கிக்கொண்டு "சேவை" என்று பேசுவது வேறு குற்றம்.

நகரத்து ஓட்டலில் ஐந்து நாள் பயிற்சி வேண்டாம். இரு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம், ஒரு தலைப்பு, முடிந்ததும் அன்றே ஒரு வீட்டில் செய்து காட்டல்.

படி 9: சரிபார்ப்பு, கூட்டம், ஸ்டாக்

பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் என்பது தாங்கும் அளவு. அவர் மாதம் ஒருமுறை ஐந்து பிள்ளைகளை மறு எடை போட வேண்டும்; 200 கிராமுக்கு மேல் வித்தியாசம் என்றால் திட்டாமல், தராசிலிருந்து தொடங்கிக் கூடவே செய்து பார்க்கட்டும். பதிவேட்டை நாற்காலியில் உட்கார்ந்தே சோதிக்கவும் வழி உண்டு. எடைகளின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 8.0, 8.5, 9.0 என்று முடிபவை பத்தில் இரண்டு இருப்பது இயல்பு. பாதிக்கு மேல் அப்படி என்றால் தராசு மாட்டப்படவே இல்லை.

மாதக் கூட்டம் 45 நிமிடம், கிராம சுகாதார ஊட்டச்சத்து நாளன்றே வைத்தால் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் தனியாக வர வேண்டியதில்லை. கேள்வி மூன்று: யார் எடைக்கு வரவில்லை, யாருக்கு ஏறவில்லை, எது தீர்ந்தது. சுவரில் ஒரு அட்டை: மொத்தப் பிள்ளைகள், எடை போட்டவர்கள், ஏறாதவர்கள், எண்ணிக்கை மட்டும். பெயர் எழுதிவிட்டால் மறுமாதம் அந்தத் தாய் வரமாட்டாள்.

ஸ்டாக் கணக்கு எளிது. நூறு பிள்ளைக்கு ஆண்டில் தலைக்கு ஒரு பேதி, ஒரு தடவைக்கு 2 பொட்டலமும் 14 மாத்திரையும் என்றால் ஆண்டுக்கு 200 பொட்டலம், 1,400 மாத்திரை. கையில் எப்போதும் இரண்டு மாதத்துக்கானது இருக்க வேண்டும், மழைக்காலத்துக்கு முன் மூன்று மாதத்துக்கானது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் தேவைப் பட்டியலில் உங்கள் ஊர் எண்ணிக்கையை முதல் ஆண்டே சேர்த்துவிடுங்கள். நிறுவனப் பணத்தில் மருந்து வாங்கிக் கொடுத்தால் அந்தப் பட்டியலில் உங்கள் ஊரின் தேவை சுழியமாகவே பதிவாகும்; நீங்கள் போன பிறகு கேட்டாலும் கிடைக்காது. தொட்டில் துணி, கொக்கி, டிஜிட்டல் தராசின் பேட்டரி, கைச்சுற்றளவு நாடா ஆகியவை சில்லறைச் சாமான்கள். ஆனால் அவை இல்லாமல்தான் எடை நாள் நிற்கும். நாடா இழுபட்டு நீளும், ஆண்டுக்கு ஒன்று மாற்றுங்கள்.

படி 10: பணமும் கைமாற்றமும்

கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் நிபந்தனையற்ற நிதி தேசிய சுகாதார இயக்கத்தில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தராசு பழுது, நாடா, அவசர வண்டிச் செலவு எல்லாம் அதற்குள் அடங்கும். செலவழிக்கத் தீர்மானம், கையெழுத்து, ரசீது வேண்டும். அதை எப்படி எழுதுவது என்று குழுவுக்கு முதல் ஆண்டிலேயே மூன்று முறை செய்து பழக்குங்கள். தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு முறை கூடுகிறது. அந்தச் சுவர் அட்டை எண்களைக் குறைந்தது இரண்டு சபையில் ஒரு தாய் எழுந்து படிக்கட்டும், உங்கள் ஆள் இல்லை. எடை போட நிழல் கூரை, தண்ணீர்க் குழாய் போன்றவை ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் ஏறுவதற்கு அதுதான் வாசல்.

கைமாற்றத்தை இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஒத்திகை பாருங்கள். ஏதாவது ஒரு மாதம், முன்னறிவிப்புச் செய்துவிட்டு, நிறுவனத்திலிருந்து யாரும் ஊருக்குப் போகாதீர்கள், போனும் செய்யாதீர்கள். அடுத்த மாதம் போய்ப் பாருங்கள்: எடை நாள் நடந்ததா, எத்தனை பிள்ளை வந்தது, ஏழாம் நாள் சந்திப்பு விட்டுப்போன வீடு எது, ஓஆர்எஸ் தீர்ந்தபோது யார் போய் வாங்கி வந்தார். எது நின்றதோ அதை அடுத்த மூன்று மாதத்துக்கு நீங்கள் செய்யாமல், அவர்கள் செய்யும்போது பக்கத்தில் மட்டும் இருங்கள். பிறகு இரண்டு மாதம் போகாமல் பாருங்கள். எதுவுமே நடக்கவில்லை என்றால், வேறு எதையும் ஆராய்வதற்கு முன் தராசு வைத்த அலமாரியின் சாவி யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது உங்கள் அலுவலக மேசை இழுப்பறையில்தான் கிடக்கும்.